கொட்டியாரக் குடாவில் தள்ளிய சைக்கிள்

என் கணவரின் பச்சை நிற ரேசிங் சைக்கிளை, மூதூருக்குப் போகும் லோஞ்ச் என்ற இயந்திரப் படகிலிருந்து கொட்டியாரக் குடாவுக்குள் தள்ளியவள் நான்தான். திருகோணமலையில் இந்தக் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு விசர் பிடித்திருந்தது என்றார்கள். அவருக்கு வேறொருத்தியோடு தொடர்பு என்றார்கள். ஒரு மீன்காரர், நான் யாரென்று தெரியாமல் என்னிடமே, சைக்கிளைத் தள்ளிய பெண்ணும் கூடவே குதித்தாள், உடலை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள் என்று சொன்னார். அவரிடம் அரை றாத்தல் இறால் வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

நான் தம்பலகாமத்து வயல்காரக் குடும்பத்துப் பெண். மூதூரில் ஒரு பாடசாலையில் பயிற்சி பெறாத ஆசிரியையாக வேலை கிடைத்த அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். தரகர் வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு, “குடி இல்லை, சிகரட் இல்லை, வெத்திலை கூட இல்லை. விடியக் கொஞ்சம் சைக்கிள் ஓடுவார், அவ்வளவுதான்” என்றார். “கொஞ்சம்” என்று அவர் சொன்னதை நான் பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

கலியாணம் முடிந்து திருகோணமலைப் பட்டணத்தில் குடியேறினோம்; நான் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூர்ப் பாடசாலைக்குப் போய்வரலாம் என்று ஏற்பாடு. நாலாம் நாள் விடிய நாலரை மணிக்குக் கண் விழித்தேன். பக்கத்தில் ஆளில்லை. விறாந்தைக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. திறப்பை அவர் கொண்டுபோய்விட்டார். எட்டரைக்கு வந்தார். முகமெல்லாம் புழுதி, சேட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. “எங்க போனனீங்கள்?” என்றேன்.

“கந்தளாய்க்கு.”

“ஆரைப் பாக்க?”

“ஒருத்தரையும் பாக்க இல்லை. போயிட்டு வந்தனான்.”

போக இருபத்தைந்து மைல், வர இருபத்தைந்து மைல். ஒருவரையும் பார்க்காமல், ஒன்றும் வாங்காமல், குளக்கட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவதற்கு. என்னைப் பூட்டிவிட்டுப் போனது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. கள்ளர் வராமல் இருக்கப் பூட்டினேன் என்றார்.

அந்தச் சைக்கிளை வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருடம், கப்பலேறப்போன ஒருவனிடம் வாங்கினாராம். அதைப் போல ஒன்று இந்த ஊரில் இல்லை என்பார். கந்தோருக்குப் போக வேறொரு பாரமான கறுப்புச் சைக்கிள் வைத்திருந்தார். அது விறாந்தையில் நிற்கும். பச்சைச் சைக்கிள் எங்கள் படுக்கையறையில், அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கும். கடற்காற்றுக்குக் கறள் பிடித்துவிடுமாம். நான் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தால் கதவு அதன் கைபிடியில் இடிக்கும். உடனே மற்ற அறையிலிருந்து சத்தம் வரும்: “பாத்துத் திறவும்!”

ஒருநாள் சங்கிலி துடைப்பதற்கு என் வொயில் சேலை ஒன்றைக் கிழித்து எடுத்துவிட்டார். அம்மா தந்த சேலை. இரண்டு தரம்தான் கட்டியிருந்தேன். பாடசாலையால் வந்து பார்த்தால் எண்ணெய்க் கறுப்போடு நாலு துண்டாகக் கிடந்தது.

“பழசு எண்டு நினைச்சன்” என்றார்.

“உங்கட வேட்டியைக் கிழிக்க ஏலாதோ?”

“வேட்டித் துணி நூல் விடும்.”

மூன்று நாள் கதைக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது.

நான் யாரிடமும் முறையிட முடியாமல் இருந்ததுதான் பெரிய கொடுமை. அம்மாவிடம் சொன்னால், “அடிக்கிறாரே?” என்று கேட்பாள். இல்லை. “குடிக்கிறாரே?” இல்லை. “பின்னை என்ன பிள்ளை?” நிலாவெளியில் இருந்த அவருடைய அக்கா, என் மச்சாள், இன்னும் மோசம். “என்ர மனிசன் கள்ளுத் தவறணையில கிடக்கிறார். என்ர தம்பி ரோட்டில வேர்க்க வேர்க்க சைக்கிள் ஓடுறான். உமக்கு என்ன குறை?” என்பார். குறை என்னவென்றால், வாரத்தில் ஐந்து விடியற்காலை அவர் வீட்டில் இல்லை. ஞாயிறு என்றால் மத்தியானம் வரை இல்லை. வந்தபின் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை நித்திரை. எழும்பினால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு மட்டும்தான் வீட்டில் இருக்கும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நடக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டியில் ஒவ்வொரு வருடமும் ஓடுவார். ஒருமுறையும் முதலாவதாக வரவில்லை. இரண்டாம் பரிசுக்கு எப்போதும் பிளாஸ்க்தான் கொடுப்பார்கள் போலும். எங்கள் வீட்டில் ஐந்து பிளாஸ்க் இருந்தது. வருகிற ஆட்களுக்கு அவற்றைக் காட்டி, இது எந்த வருடம், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று விளக்கம் கொடுப்பார். நான் தேத்தண்ணியை வேண்டுமென்றே கேத்தலிலிருந்து ஊற்றிக் கொடுப்பேன்.

மகள் பிறந்த பிறகு ஓர் ஒப்பந்தம் செய்தோம். சமையலறைச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் நானே எழுதி ஒட்டினேன்: ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன் வீடு. முதல் மாதம் ஒழுங்காக வந்தார். அடுத்த மாதம் எட்டரை. பிறகு ஒன்பது. கேட்டால், “ரயர் காத்துப் போச்சுது” என்பார். அந்த ரயர் எங்கள் வீட்டில் எத்தனை பொய்க்கு உதவியது என்று எனக்குத்தான் தெரியும். மகளுக்கு ஏடு தொடக்கிய விஜயதசமியன்று நல்லநேரம் முடிந்து முக்கால் மணித்தியாலம் கழித்துக் கோயிலுக்கு வந்தார். என் அண்ணன் மடியில் இருந்து அவள் அரிசியில் “அ” எழுதி முடித்துவிட்டாள். இவர் கைகழுவாமல் வந்து அவளைத் தூக்கினார். அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. ஐயர் கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகள் தொடங்கியபோது எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. நான் பாணுக்கு வரிசையில் நின்ற காலையில் அவர் ரயருக்கு வரிசையில் நின்றார். பாண் முடிந்துவிட்டது என்று நான் வெறுங்கையோடு வந்தேன். அவர் இரண்டு ரயரைத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

அந்த நாட்களில் ஒரு காலை நான் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சீனக்குடா வளைவில் அவர் எதிரே வந்தார். என்னைக் காணவில்லை. தனியாக வந்தார். குனிந்து, கைகளை அகட்டி, வாயைத் திறந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தார். அந்த முகத்தை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. மகள் பிறந்தபோதும் கண்டதில்லை. பஸ் கடந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண், “ஆர் அது, தெரிஞ்ச ஆளோ?” என்று கேட்டாள். “இல்லை” என்றேன். அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல். அன்றிலிருந்துதான் வெறுப்பு.

மகளுக்கு ஆறு வயதானபோது மட்டக்களப்பில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. எடுபட்டால் இரண்டு வருடம் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். வந்த பிறகு நிரந்தரமான வேலை, பட்டணத்தில் ஒரு பாடசாலை. பத்து வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். கடிதம் வந்த கையோடு மகளுக்குக் கொப்பளிப்பான் போட்டுவிட்டது. முகமெல்லாம் கொப்புளம். நிலாவெளியிலிருந்து மச்சாளைக் கூப்பிடுவோம் என்றேன்.

“அக்கா என்னத்துக்கு? நான் லீவு போட்டு வீட்டில இருக்கிறன்தானே” என்றார்.

“விடிய ஆறு மணிக்கு பஸ். அதை விட்டா வேற இல்லை.”

“தெரியும். நீர் யோசிக்காம போட்டு வாரும்.”

பரீட்சை நாளான வெள்ளிக்கிழமை விடிய நாலேகால் மணிக்கு அவர் எழும்பிச் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிவந்து வாசலில் மறித்தேன்.

“இண்டைக்குமோ?”

“ஒரு சுத்துத்தான். அஞ்சரைக்கு வந்திடுவன்.”

ஐந்தரைக்கு நான் சேலை கட்டி, சான்றிதழ்க் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு படலையில் நின்றேன். ஐந்தே முக்கால். இடதுபக்க வீட்டில் கைக்குழந்தை. கொப்பளிப்பான் பிள்ளையை அங்கே விட முடியாது. வலதுபக்க வீட்டார் ஊரில் இல்லை. மகளைத் துவாயால் போர்த்திக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கொண்டக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி வாசலை மறித்தான். “ரீச்சர், இந்தப் பிள்ளையோட ஏற ஏலாது. மற்ற ஆக்கள் இருக்கினம்.” அவன் சொன்னது சரிதான். பஸ் போய்விட்டது. மகள் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அழத் தொடங்கினாள்.

அவர் ஒன்பது மணிக்கு வந்தார்.

“பின்காத்து. கூட ஓடுற பெடியளோட கதைச்சுக்கொண்டு போனதில கந்தளாய் வரைக்கும் போயிட்டம். திரும்பேக்கை எதிர்க்காத்து. அதோட ரயரும் காத்துப் போச்சுது.”

கோவையை அலுமாரியில் வைத்தேன். கதவு சைக்கிளில் இடித்தது. அவர் சத்தம் போடவில்லை.

சனிக்கிழமை மச்சாள் வந்து மகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். திங்கட்கிழமை அவர் கறுப்புச் சைக்கிளில் கந்தோருக்குப் போனார். மச்சாள் குசினியில் இருந்தார். நான் பச்சைச் சைக்கிளை அறையிலிருந்து எடுத்தேன். அதன் பாரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஆட்டுக்குட்டியின் பாரம் கூட இல்லை. இறங்குதுறை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். லோஞ்சில் சைக்கிள் ஏற்றுவது புதுமையில்லை. மூதூருக்குப் போகிற வியாபாரிகள் தினமும் ஏற்றுவார்கள். லோஞ்ச்காரர் மூதூர் முஸ்லிம் மனிதர், என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். “என்ன ரீச்சர், சைக்கிள் ஓடப் பழகப் போறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைக் கூரையில் போட வேண்டாம், கீறுப்பட்டுவிடும் என்று சொல்லி, பின்பக்கத்தில் என் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோட்டை மலை பின்னால் சின்னதாகும் வரை பொறுத்திருந்தேன். நடுக்குடாவில் தண்ணீர் கறுப்பாக மாறும் ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கடந்து போவதால் தெரியும். அங்கே வந்ததும் முன்சக்கரத்தைத் தூக்கி விளிம்பில் வைத்தேன். பின்பக்கத்தை இரண்டு கையாலும் தள்ளினேன். விழுந்த பிறகும் ஒரு சக்கரம் தண்ணீருக்கு மேலே நின்று சுற்றியது. மிதந்துவிடுமோ என்று பயந்தேன். பிறகு போய்விட்டது.

யாரோ கத்தினார்கள். இயந்திரம் நின்றது. லோஞ்ச்காரர் ஓடிவந்தார். “அல்லாஹ்வே! என்ன வேல செஞ்சீங்க ரீச்சர்?”

“தள்ளிவிட்டன். விழேல்லை. தள்ளிவிட்டன்.”

சாக்கு மூட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான வியாபாரி என்னைக் கூர்ந்து பார்த்தார். “ஆருட சைக்கிள் மகள்?”

“என்ர மனிசன்ர.”

“அடிக்கிறவனா?”

“இல்லை.”

“குடிக்கிறவனா?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

பத்து வருடமாகக் கேட்டுவந்த அதே கேள்வி, கடலின் நடுவிலும். “அது எனக்குத் தெரியும்” என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்தேன். ஒரு பிழையும் விடவில்லை.

பின்னேர லோஞ்சில் நான் திரும்புவதற்கு முன்னரே செய்தி பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கந்தோர் உடுப்போடு இறங்குதுறையில் நின்றார். சுற்றிலும் இருபது, முப்பது பேர். யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரித் தெரியவில்லை. நான் இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எந்த இடத்தில?”

“ஆழமான இடத்தில.”

அடுத்த இரண்டு நாளும் லீவு போட்டு, சங்கு குளிக்கிறவர்களைத் தேடி மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போனார். அந்த ஆழத்தில் ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு பதினாலு மாதம் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

தேவையானதை மகள் மூலம் சொல்வார். “அம்மாட்டச் சொல்லு, சொதிக்கு உப்புக் காணாது.” நான் இரண்டு முழத்தில் நிற்பேன். மகள் என் பக்கம் திரும்பி, “அம்மா, சொதிக்கு உப்புக் காணாதாம்” என்பாள். “அப்பாட்டச் சொல்லு, உப்பு மேசையில இருக்கு.” “அப்பா, உப்பு மேசையில இருக்காம்.” முதலில் அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. பிறகு சாப்பாட்டு மேசைக்கே வராமல் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போகத் தொடங்கினாள்.

ஊர் அவர் பக்கம்தான். அவரோடு ஓடுகிற இளைஞர்கள் மூன்று பேர் ஒருநாள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவன், “அக்கா, நீங்கள் செய்தது ஒரு கொலை” என்றான். “எண்டா பொலிசுக்குப் போங்கோ” என்று கதவைச் சாத்தினேன். மச்சாள் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: “அவன் குடிச்சிருக்க வேணும். அப்ப உமக்கு விளங்கியிருக்கும்.”

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் வீட்டில் இருக்கத் தொடங்கினார். காலையில் இருந்தார், மாலையில் இருந்தார், ஞாயிறு முழுவதும் இருந்தார். பத்து வருடமாக நான் கேட்டதெல்லாம் அதுதானே? அது எனக்குத் தாங்க முடியவில்லை. விடிய நாலரைக்கே பழக்கத்தில் எழும்பிவிடுவார். போக இடமில்லாமல் வீட்டுக்குள் நடப்பார். குசினிக்குள் வந்து அரிசித் தகரத்தை, மிளகாய்த்தூள் போத்தலை, எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்குவார். நான் திரும்ப மாற்றுவேன். அடுத்த நாள் மறுபடியும் அடுக்கியிருப்பார். மூச்சு விடும் சத்தம் கூட என்னை எரிச்சல்படுத்தியது. ஒரு ஞாயிறு காலை, எங்காவது தொலைந்து போங்கோ என்று கத்த வாய் வரை வந்தது. கத்தவில்லை. கத்தினால் அவருக்கு வெற்றி.

அடுத்த வருடம் நேர்முகப் பரீட்சைக் கடிதம் மறுபடியும் வந்தது. இம்முறை அவரிடம் சொல்லாமல் மகளைத் தம்பலகாமத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். எடுபட்டேன். முடிவுக் கடிதம் வந்த அன்று மாலை விறாந்தையில் அவர் முன்னால் போய் நின்றேன். மகளைக் கூப்பிடவில்லை.

“நான் ரெண்டு வருஷம் மட்டக்களப்புக்குப் போறன். பிள்ளையை நீங்கள் பாக்க வேணும்.”

கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

“ஓம். போம்” என்றார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் இரண்டு சொற்கள்.

அவர் மகளைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். இதையும் எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. விடுமுறைக்கு நான் வரும்போது அவளுடைய தலை எண்ணெய் வைத்துப் பின்னியிருக்கும், கொப்பிகள் உறை போட்டிருக்கும். கறுப்புச் சைக்கிளின் பாரில் துவாயைச் சுற்றி அவளை இருத்திப் பாடசாலைக்குக் கொண்டுபோவார். ஞாயிற்றுக்கிழமை உப்புவெளி, நிலாவெளி என்று கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வீடு. நான் அந்த வீட்டுக்கு விடுமுறையில் வருகிற விருந்தாள். நான் இடியப்பம் அவித்தால் மகள், “அப்பா இப்பிடி அவிக்கமாட்டார்” என்பாள்.

பயிற்சி முடிந்து பட்டணத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றமாகி வந்தேன். மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரு பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று கேட்டாள்.

“நீங்கள்தானே அப்பாட சைக்கிளைக் கடல்ல போட்டது?”

“ஓம்.”

“ஏன்?”

பிள்ளை என்று மழுப்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி முழுவதும் சொன்னேன். கொப்பளிப்பான், பஸ், கொண்டக்டர், ஒன்பது மணி. கேட்டுக்கொண்டிருந்தவள், “எனக்கு வருத்தம் எண்டா அப்பா ஏன் போனவர்?” என்றாள்.

“அதை அவரைத்தான் கேக்க வேணும்.”

போய்க் கேட்டிருக்கிறாள். அரை மணித்தியாலம் கழித்து அவர் குசினி வாசலில் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்டைக்கு ரயர் காத்துப் போகேல்லை” என்றார்.

துருவுவதை நிறுத்தினேன்.

“பெடியளும் என்னோட வரேல்லை. சீனக்குடாவில அவங்கள் திரும்பிட்டாங்கள். மணிக்கூட்டைப் பாத்தன். அஞ்சுக்கு இன்னும் பத்து நிமிஷம். திரும்பியிருந்தா நேரத்துக்கு வந்திருப்பன். நான்தான் தனியப் போனனான்.”

“ஏன்?”

“நீர் ரெண்டு வருஷம் போனா நான் வீட்டுக்குள்ள மாட்டுப்பட்டிடுவன் எண்டு நினைச்சன். நீர் போகாம விட்டா நல்லது எண்டு நினைச்சன்.”

எத்தனையோ வருடமாக அவருடைய கவனக்குறைவை வெறுத்துக்கொண்டிருந்தேன். அது கவனக்குறைவு இல்லை. பூவரசங் கிளைக்கு மேலாக வெயில் குசினிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பாதித் தேங்காய் கையில் இருந்தது. அதை அவர்மேல் எறிந்திருப்பேன். மகள் பின்னால் நின்றபடியால் எறியவில்லை.

“அப்ப நான் செய்தது சரி” என்றேன்.

“சரிதான்” என்றார். “ஆனா நான் உம்மை மன்னிக்கேல்லை.”

“நானும் உங்களை மன்னிக்கேல்லை.”

“தெரியும்.”

அவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். நான் மிச்சத் தேங்காயைத் துருவினேன். ஆச்சரியம் என்னவென்றால், அன்றிலிருந்து எங்களுக்கிடையே கதை சுலபமாகிவிட்டது. அன்பாக இல்லை. நேராக.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டுப் பொருட்கள் மறுபடியும் கடைகளுக்கு வரத் தொடங்கின. கடை ஒன்றில் ரேசிங் சைக்கிள் வந்திருக்கிறது என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். வாங்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. “வாங்கட்டோ?” என்று கேட்டார். கலியாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் என்னைக் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுதான்.

நான் என் விதிகளைச் சொன்னேன். செவ்வாயும் சனியும் விடிய, ஏழரைக்கு முன் வீடு. ஞாயிறு கிடையாது. எனக்குப் பாடசாலைக் கூட்டம் இருக்கிற மாலைகளில் சமையல் அவருடையது. சைக்கிள் படுக்கையறைக்குள் வரக்கூடாது. நேரம் தப்பினால் காரணம் சொல்லக்கூடாது, அடுத்த இரண்டு தடவை போகக்கூடாது.

“ஒரு ஞாயிறாவது?” என்றார்.

“கடல் இன்னும் அங்கதான் இருக்கு” என்றேன்.

வாங்கினார். விதிகளைக் காத்தார். சனிக்கிழமைகளில் ஏழேகாலுக்கே நான் யன்னலடியில் நின்று பார்ப்பேன். ஏழு இருபத்தைந்துக்குப் படலை சத்தம் கேட்கும். உண்மையைச் சொன்னால், அவர் நேரத்துக்கு வந்துவிடுவது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். சண்டைக்குத் தயாராக நின்றவளுக்குச் சண்டை கிடைக்காது.

சண்டை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மகளுக்குப் பதினாலு வயதானபோது, பாடசாலைக்குச் சைக்கிளில் போகப்போகிறேன் என்றாள். அப்பாவின் கறுப்புச் சைக்கிளில் ஏற்கனவே ஓடப் பழகியிருந்தாள். அவர் சம்மதிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“ஏலாது. பெரிய பிள்ளையாயிட்டாள். ரோட்டில பெடியள் நிப்பாங்கள். சனம் என்ன கதைக்கும்?”

நானும் எழும்பினேன்.

“சனம் கதைக்குமோ? நீங்கள் அரைக் களிசானோட கந்தளாய் வரைக்கும் ஓடேக்கை சனம் கதைக்கேல்லையோ?”

“நான் ஆம்பிளை.”

“அவள் போவாள்.”

“சைக்கிளைக் கண்டாலே ஆகாத ஆள் நீர். உமக்கு இப்ப என்ன?”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பெண் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிள் ஓட வேண்டும் என்ற கொள்கை ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. அவர் “ஏலாது” என்றார். அதனால் நான் “ஏலும்” என்றேன். காரணம் அவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்ட பிறகு பின்வாங்கவில்லை. அடுத்த கிழமையே ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கினேன். மச்சாள் நிலாவெளியிலிருந்து இதற்காகவே வந்து, “முந்தி ஒண்டைக் கடல்ல போட்டீர், இப்ப ஒண்டை வீட்டுக்குக் கொண்டு வாறீர். உமக்கு என்னதான் வேணும்?” என்றார். “என்ர வீட்டில நான் சொல்லுறது ஒண்டு நடக்க வேணும்” என்றேன். சாப்பிடாமலே போய்விட்டார்.

முதல் நாள் மகள் வெள்ளைச் சீருடையோடு, புத்தகப் பையைக் கரியரில் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். எதிர்வீட்டுப் பெண் முற்றம் கூட்டிய தும்புத்தடியோடு நின்று பார்த்தாள். நானும் அவளையே பார்த்தேன். அவள் உள்ளே போகும் வரை பார்த்தேன். அவர் விறாந்தையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மகள் சந்தி திரும்பியதும் எழும்பினார். கறுப்புச் சைக்கிளை எடுத்தார்.

“கந்தோருக்கு இன்னும் நேரம் இருக்குதே?” என்றேன்.

“அவளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது.”

“உங்களிட்டத்தானே பழகினவள்.”

மிதித்துக்கொண்டு போனார். ஒரு மாதம் தினமும் அவளுக்குப் பின்னால் நூறு யார் தள்ளிப் போனார். அவள் பிறகு திரும்பி நின்று, வரவேண்டாம் என்று நடுத்தெருவில் வைத்துச் சத்தம் போட்டாளாம். அவர் வீட்டுக்கு வந்து, மகள் என்னைப் போலவே கதைக்கிறாள் என்று என்னிடம் முறையிட்டார். நல்லது என்றேன். அன்றிரவு சோற்றுக்கு அவர்தான் உலை வைத்தார், எனக்குப் பாடசாலையில் கூட்டம் இருந்தது.